பெரகல: பெயரில்லாத வண்டும் பதிவில்லாத ஈரமும்

தைப்பொங்கல் கழிந்த வாரம் பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ4 வீதியிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போகும் ஏ16 வீதி பிரிகிற இடம் அது. நான் போனது வண்டு பார்க்க இல்லை. டித்வா சூறாவளியின்போது மண்சரிவு அபாயம் என்று வெளியேற்றப்பட்ட லயங்களுக்கு ஆட்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை எழுதத்தான் போனேன்.

சந்திக்குக் கீழே தெற்குச் சரிவில் ஒரு தோட்டம். அங்கிருப்பவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்க்கிறேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா என்னைப் பணிய லயத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு தண்ணீரைக் காட்டினார். ஒன்று லயத்துக்குப் பின்னாலிருக்கும் பீலி. வடக்கு, கிழக்கு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மலையில் ஊறும் தண்ணீரை ஒரு குழாயோ மூங்கிலோ வைத்து விழ விட்டிருக்கும் இடம்தான் பீலி. குளிப்பு, துவைப்பு, குடிநீர் எல்லாம் அங்கேதான். அவர் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து அது ஒருநாளும் வற்றியதில்லை. மற்றது அவருடைய அடுப்படியின் மூலையில் இருந்தது. நவம்பர் மழையில் சிமெந்துத் தரை வெடித்து அதற்குள்ளிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. நான் போன அன்றும் கசிந்துகொண்டிருந்தது. அவர் அதன் மேல் ஒரு படங்கை மடித்துப் போட்டிருந்தார்.

பார்க்க வந்த அதிகாரிகள் சுவர் வெடிப்பை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். எந்தத் தண்ணீர் பழையது, எது புதியது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மக்களுக்குச் சொல்லும் மண்சரிவு முன்னறிகுறிகளில், நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்வது ஆகியவற்றோடு இதுவும் இருக்கிறது: திடீரென்று புதிய ஊற்று தோன்றுவது, இருந்த ஊற்று மறைவது, தண்ணீர் சேறாக வருவது. புதிய ஊற்று என்று சொல்ல வேண்டுமென்றால் பழைய ஊற்றுகள் எவை என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். இங்கே அவை அக்காவின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன.

பீலியடியில் கால் கழுவும்போது ஒரு கல் புரண்டது. அதன் அடியிலிருந்து ஒரு வண்டு ஓடியது. அரை அங்குலத்துக்கும் சற்றுக் கூட நீளம், கரும்பச்சை முதுகு, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு, நீண்ட மஞ்சள் கால்கள். கைக்குள் பொத்திப் பிடித்தேன். விட்ட பிறகும் விரலில் பினாயில் போல ஒரு வாடை நின்றது. அக்காவுக்கு அந்த வாடை பழக்கமானது. பீலியடியில் கல்லைப் புரட்டினால் எப்போதும் இது இருக்கும், கடிக்காது என்றார். பெயர் கேட்டேன். கருவண்டு என்றார். மலையில் கருப்பாக ஓடுகிற எல்லாமே கருவண்டுதான்.

கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைச் செயலி ஒன்றில் போட்டேன். தரைவண்டுக் குடும்பம், கிளீனியஸ் பேரினம் என்று காட்டியது. இனத்தின் பெயர் வரவில்லை. பூச்சியியல் படித்த நண்பர் ஒருவரும் அதற்கு மேல் போக மறுத்தார். அந்த வாடை கிளீனியஸ் வண்டுகளுக்கு உரியது, எதிரியை விரட்ட அவை சுரக்கும் கிரெசோல் வகைத் திரவத்தின் வாடை அது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். எந்த இனம் என்று அறிய உடல் கையில் வேண்டும்: முதுகின் மென்மயிர், தலைக்குப் பின்னுள்ள கேடயத்தின் புள்ளிக்குழிகள், ஆண் வண்டின் முன்னங்கால் பாதங்கள், கடைசியில் அதன் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். உடலைச் சேகரித்து ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது சரியான விதிதான். வண்டை விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஊடகக் கற்கையில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம், மனிதர் இல்லாத செய்தியை யாரும் படிக்கமாட்டார்கள் என்பது. இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது ஓர் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வியும், இவ்வளவு சாவுக்குப் பிறகு பூச்சியா என்பதுதான். நியாயமான கேள்வி. 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அனர்த்தம் அது. ஆனால் அந்த வண்டு நின்ற இடமும் அக்காவின் அடுப்படியும் ஒரே கேள்வியில் வந்து முட்டுகின்றன. இந்த மலையில் எங்கே எவ்வளவு காலமாக ஈரம் இருக்கிறது என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

இலங்கையின் தரைவண்டுகளை யார் எழுதி வைத்தார்கள் என்று தேடினால், தொடக்கத்திலேயே ஒரு தோட்டக்காரர் நிற்கிறார். ஜோன் நீட்னர் என்ற ஜெர்மானியர். கோப்பித் தோட்டம் நடத்திக்கொண்டே 1850களில் இலங்கையின் புதிய வண்டுகளை விவரித்து வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். 1861இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கையில் கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றியது. 1881, 1882 காலத்தில் ஜோர்ஜ் லூயிஸ் இங்கே சேகரித்துக்கொண்டுபோன தரைவண்டுகளை எச். டபிள்யூ. பேட்ஸ் 1886இல் லண்டனில் விவரித்தார். பிறகு எச். ஈ. அன்ட்ரூஸ். பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் என்ற நூல்வரிசையில் தரைவண்டுகளுக்கு 1929இல் ஒரு தொகுதியும் 1935இல் இன்னொன்றும் எழுதினார். 1935 தொகுதியின் அட்டையில் முதற்பகுதி என்று போட்டிருக்கிறது. இரண்டாம் பகுதி வரவே இல்லை.

எதற்குப் பெயர் கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்கு வருமானத்தைக் கெடுக்கிற பூச்சிக்குப் பெயரும் பணமும் ஆய்வும் கிடைத்தன. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறுவண்டைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்திருக்கிறது. தேயிலைக்குக் கெடுதலும் செய்யாமல் இலாபமும் கொடுக்காமல் கானோரத்தில் கல்லுக்கடியில் இருக்கும் வண்டு யாருடைய கணக்கிலும் வரவில்லை. அப்புத்தளைச் சரிவுகளின் காடு கோப்பிக்காக வெட்டப்பட்டபோது அந்தக் காட்டின் ஈரத்தில் என்னென்ன இருந்தன என்று எண்ணியவர் எவருமில்லை. வெட்டிய கைகளுக்குச் சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் ஆட்கள். அவர்களையும் தலைக்கணக்காகத்தான் எழுதினார்கள்.

பெயர் மட்டும் இருந்தாலும் போதாது. கலிபோர்னியாவில் எலாஃப்ரஸ் விரிடிஸ் என்றொரு பச்சைத் தரைவண்டு இருக்கிறது. 1870களில் ஒரேயொரு உடலை வைத்து அதற்குப் பெயரிட்டார்கள். உடலோடு இருந்த சீட்டில் மாநிலத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. மாநிலமோ இலங்கையைப் போல ஆறு மடங்கு பெரியது. ஏறத்தாழ நூறு வருடம் அந்த வண்டு எங்கே வாழ்கிறது என்று எவருக்கும் தெரியாது. 1974இல் ஒரு பல்கலைக்கழக மாணவர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றிவிடும் புல்வெளிக் குட்டைகளின் ஓரத்தில் அது இருந்தது. அதற்குள் அப்படியான குட்டைகளில் பெரும்பகுதி உழுது வயலாகியிருந்தது. 1980இல் அமெரிக்க அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமென்று அறிவித்து, அது வாழும் நிலத்தையும் எல்லை போட்டுக் குறித்தது. சட்டத்தால் அந்த நிலத்தைக் குறிக்க முடிந்தது, கடைசியில் வண்டுக்கு ஒரு முகவரி கிடைத்ததால்தான்.

எங்கள் நாட்டிலும் இதற்கொரு சோடி இருக்கிறது. சிசிண்டெலா வில்லியி என்ற புலிவண்டு. புலிவண்டுகள் தரைவண்டுகளுக்கு மிக நெருங்கிய உறவு. ஒரே குடும்பம் என்றே பலகாலம் வகைப்படுத்தியிருந்தார்கள். வெயிலில் ஓடி இரை பிடிப்பவை, பல இனங்கள் ஆற்றங்கரை மணலை விட்டு விலகாதவை. வில்லியி இலங்கையில் மட்டும் உள்ளது. ஜெர்மானிய ஆய்வாளர் வோல்தர் ஹோர்ன் அதற்குப் பெயர் வைத்தார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சந்திம டங்கல்லவும் கூட்டு ஆய்வாளர்களும் அதைத் தேடிப்போய் 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய பதிவுகளில் சொல்லப்பட்ட இடங்களில் அது இல்லை. தெஹியோவிட்டப் பகுதியில் மகா ஓயா, அதைவிட்டால் ஹந்தபான்கொட, இந்த இரண்டு இடங்களில் மட்டும் கிடைத்தது. கரையின் மண், ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் அளந்து எழுதினார்கள். மரபணுவின் ஒரு துண்டைப் பட்டைக்குறி போல வாசித்து, ஒத்த இனங்களோடு குழப்பமில்லாமல் அடையாளப்படுத்தினார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது கிடைத்த இரண்டு இடங்களைவிடக் கிடைக்காத இடங்கள்தான். பழைய சீட்டுகளில் ஊர்ப்பெயர் இருந்ததால்தான் இங்கே இருந்தது, இப்போது இல்லை என்று சொல்ல முடிந்தது. பெரகலைப் பீலியின் வண்டு நாளைக்கு இல்லாமல் போனால் அதைச் சொல்லக்கூட ஆளில்லை. இருந்தது என்பதற்கே சாட்சி இல்லையே.

கிளீனியஸ் வகைகளில் பறக்கக்கூடியவை பல. ஓர் இடம் காய்ந்தால் இன்னொன்றுக்குப் போய்விடலாம். மலைத் தரைவண்டுகள் எல்லாவற்றுக்கும் அந்த வசதி இல்லை. பி. ஜே. டார்லிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1943இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மலைகளிலும் தீவுகளிலும் வாழும் தரைவண்டுகளில் இறகு குன்றிப் பறக்க முடியாமல் போனவை மிகுதி என்று அவர் காட்டினார். நூற்றாண்டுகளாக மாறாத ஈரத்தில் இருப்பவற்றுக்குப் பறக்கத் தேவை வரவில்லை. ஊற்று வற்றினால் அவை அந்த இடத்தோடு முடிந்துவிடும். ஐரோப்பாவில் காட்டு ஊற்றுத் தலைகளில் வாழ்ந்து தண்ணீருக்குள் இறங்கி இரை பிடிக்கும் கராபஸ் வரியோலோசஸ் அப்படியானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டத்தில் அதன் பெயர் இருக்கிறது. அதனால் அது இருக்கும் ஊற்றுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது.

ஈரம் நிரந்தரமானதா, நேற்று வந்ததா என்பதற்கு இப்படிப்பட்ட வண்டு ஒரு சாட்சி. அக்காவின் அடுப்படிக் கசிவைச் சுற்றிக் கல்லையும் சாக்கையும் புரட்டிப் பார்த்தேன். எதுவுமில்லை. ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவுசெய்ய நான் ஆய்வாளர் இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய விதம் இது என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 2 உலக ஈரநில தினம். கொழும்பில் கூட்டங்கள் நடக்கும், நடக்கத்தான் வேண்டும். 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் தொகுதி நகரங்களில் கொழும்பும் ஒன்று. நாட்டில் ராம்சார் தலங்கள் ஆறு: புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. எல்லாம் கரையோரத்தில் அல்லது வரண்ட சமவெளியில். மலைநாட்டில் ஒன்றுகூட இல்லை. உடன்படிக்கையின் வரையறையோ மிக விரிந்தது. இயற்கையோ செயற்கையோ, நிலையானதோ தற்காலிகமானதோ, தேங்கியதோ ஓடுவதோ, சதுப்பும் நீரும் சேர்ந்த இடமெல்லாம் ஈரநிலம்தான். அந்தக் கணக்கில் பணிய லயத்துப் பீலியும் அதற்குக் கீழே சேம்பு மண்டிக்கிடக்கும் துண்டும் ஈரநிலம். 2006இல் இலங்கைக்கு ஒரு தேசிய ஈரநிலக் கொள்கையும் வந்தது. தோட்டத்துக்குள் இருக்கும் ஊற்றுகளைத் தேடி அது மலையேறியதாகத் தெரியவில்லை.

பதிவில்லாத ஈரம் போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரகலைக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. உமா ஓயாத் திட்டம். புகுல்பொல, டயறபா அணைகளில் தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தால் கரந்தகொல்லை நிலக்கீழ் மின்நிலையத்துக்கு இறக்கி, 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, நீரைக் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்புவது. 2014 கடைசியிலும் 2017இலும் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருமளவில் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை கடையடைத்துத் தெருவில் இறங்கியது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி ரைசி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். ராம்சார் என்பது ஈரானில் ஒரு நகரம். ஈரநில உடன்படிக்கை அங்கேதான் 1971இல் கையெழுத்தானது. சுரங்கத்தைத் தோண்டியதும் ஈரானிய நிறுவனம்தான். இதில் எந்தக் குறிப்பும் இல்லை, உலகம் இப்படியும் சுற்றிவரும் என்பதைத் தவிர.

அந்த நட்டக்கணக்கில் கிணறு எண்ணப்படக்கூடியது. அதற்கு உடைமையாளர் இருக்கிறார், ஆழம் இருக்கிறது, வற்றிப்போன பிறகும் குழி இருக்கிறது. மலையோர ஊற்றுக்கு இவை ஒன்றுமில்லை. தோட்டத்து ஊற்றென்றால் நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, குடிக்கிறவர் வேறொருவர். முன்பு இவ்வளவு ஊறியது என்று ஒரு அளவும் இல்லாதபோது எதை இழந்தோம் என்று எப்படிக் கேட்பது? தங்கள் சொந்த வரலாற்றில் மலையகத் தமிழருக்கு இது புதிய அனுபவம் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதும் ஆவணத்தைத்தான். தகப்பன் இங்கே பிறந்தார் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்த தகப்பனுக்குத் துண்டு இல்லை. இருந்தும் இல்லாதவர்களாக ஆனவர்களுக்கு அந்தக் கணக்கை முடித்துவைக்க 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன.

இதை வாசிக்கும் வன்னி, திருகோணமலை வாசகர்களுக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்தத் தண்ணீர் உங்களுடையதும்தான். அப்புத்தளை மலைமுகட்டில் விழும் மழை இரண்டாகப் பிரிகிறது. பெரகல இருக்கும் தெற்குச் சரிவில் விழுவது வளவை கங்கை வழியே தென்கடலுக்கு. வடக்குச் சரிவில் விழுவது உமா ஓயா, பதுளு ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து வெருகலுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் வருகிறது. 2006இல் போர் மறுபடி மூண்ட மாவிலாற்றுத் துருசுக்கு வந்த தண்ணீரும் அதில் சேர்ந்ததே. போன நவம்பர் கடைசியில் மாவிலாற்றுக் கட்டு உடைந்து மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் புகுந்தபோது வந்த தண்ணீரும் அதே மகாவலியுடையது. மலையில் ஊற்றுத்தலையும் சதுப்பும் மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன. அவற்றை நிரவிவிட்டால் மழை ஒரே இரவில் ஆற்றுக்குள் இறங்கும். அத்தோடு வன்னியில் குடியேறியவர்களில் 1977க்கும் 1983க்கும் பிறகு பதுளை, நுவரெலியாத் தோட்டங்களில் இருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். சிலருக்குப் பெரகல சொந்தக்காரர் இருக்கிற ஊர்.

இரண்டாவது, உங்களுக்கு வரக்கூடிய பயம். ஈரநிலத்தைப் பதிவுசெய் என்று சொன்னால் அடுத்தது வர்த்தமானி, அதற்கடுத்தது எல்லைக்கல், பிறகு உள்ளே போனால் வழக்கு. 2015இல் சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் எல்லாம் தேசிய பூங்காக்கள் ஆகின. 2017 ஜனவரியில் நந்திக்கடலும் நாயாறும் சேர்த்து 4,000 ஹெக்டேயருக்கு மேல் இயற்கை ஒதுக்கிடம் ஆனது. இடம்பெயர்ந்து, முள்வேலி முகாமில் இருந்து மீண்டு வந்தவர்கள், தங்கள் வயலும் வாடியும் பறவைக்கும் காட்டுக்கும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தார்கள். பறவை மேல் எவருக்கும் கோபமில்லை. கேட்காமல் எழுதியதுதான் கோபம். பெரகலையிலும் ஊற்றைப் பதிவுசெய்யும் வேலையை ஒரு திணைக்களத்திடம் மட்டும் விட்டால், ஓடையிலிருந்து இத்தனை அடிக்குள் இருக்கும் லயம் சட்டவிரோதம் என்ற கடிதமாக அது திரும்பி வரலாம். லயத்தை ஓடைக்கரையிலும் செங்குத்துச் சரிவிலும் கட்டியது தேயிலைக்கு நல்ல நிலத்தை மிச்சம்பிடிக்க நினைத்த துரைமார். அந்தக் கணக்கு மறந்துபோய், அங்கே இருப்பவர்தான் ஆக்கிரமித்தவர் என்றாகிவிடும்.

ஆனாலும் பதிவில்லாமல் இருப்பது இன்னும் மோசம் என்றே நினைக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பெரகலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் அதே வீதிக்கு அண்மையில்தான் அது. அபாயம் இருக்கிறதென்ற எச்சரிக்கை அதற்கு வருடங்கள் முன்னரே வந்திருந்தது. எச்சரிக்கைக்கும் இடமாற்றத்துக்கும் இடையில் மாற்று நிலம் என்ற ஒன்று வரவில்லை. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே அன்று எண்ணிக்கைகள் மாறி மாறி வந்தன. எவர் எந்த லயத்தில் இருந்தார் என்ற பதிவுகூடச் சீராக இல்லாத இடம் அது.

இப்போது டித்வாவுக்குப் பிறகு மறுபடி நிலம் தேடுகிறார்கள். அனர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னர்தான், 2025 ஒக்டோபரில், பண்டாரவளையில் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் சுமார் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் கொடுக்கப்பட்டன. அந்த மேடையை நான் கேலி செய்யமாட்டேன். 200 வருடம் காத்திருந்தவர்கள் கையில் ஒரு தாள் கிடைப்பது பெரிய விடயம். ஆனால் ஏழு பேர்ச்சா பத்து பேர்ச்சா என்று வாதாடுகிற அளவுக்கு, அந்தப் பேர்ச்சுகள் எதன் மேல் இருக்கின்றன என்று நாம் கேட்பதில்லை. கம்பனிகள் விட்டுக்கொடுக்கும் நிலம் பெரும்பாலும் தேயிலை நன்றாக வராத நிலம். அதில் ஈரம் ஊறிக்கிடக்கும் மூலைகளும் அடங்கும். ஆறேழு மாத வெயிலில் காய்ந்து கிடப்பதைப் பார்த்து அத்திவாரம் வெட்டினால், வடகீழ்ப் பருவமழையில் அந்த நிலம் தன் பழைய வேலையை மறுபடி தொடங்கும். அந்த மூலைகளை லயத்து ஆட்களுக்குத் தெரியும். எந்த மலையில் எந்தக் கான் மார்கழியில் நிரம்பும், எந்தப் பீலி பங்குனியிலும் ஓடும், எங்கே கால் வைத்தால் சேறு இழுக்கும் என்று அக்கா ஒரே மூச்சில் பத்து இடம் சொன்னார். நிலம் தெரிவுசெய்யும் குழுக்களில் புவியியலாளர் இருப்பார், பொறியியலாளர் இருப்பார், பிரதேச செயலக அதிகாரி இருப்பார். அக்காவுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.

எழுதுவதற்குப் பெரிய செலவில்லை. தரைவண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது குழிப்பொறி: ஒரு யோகட் கோப்பையை வாய் நிலமட்டத்தில் இருக்கும்படி புதைத்து, மழை விழாமல் மேலே ஒரு தகரம். இரவில் ஓடுகிற வண்டு விழும். காலையில் படம் எடுத்து, எண்ணி, விட்டுவிடலாம். அனுமதி பெற்ற பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கூட இருந்தால் இனத்தையும் அறியலாம். படத்தைப் பார்த்துப் புலிவண்டு இனங்களைப் பிரித்தறிய கணினியைப் பழக்கும் முயற்சியும் இலங்கை ஆய்வாளர்களிடையே 2021 முதல் நடக்கிறது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊற்றின் பெயர், இடம், எந்த மாதத்தில் எவ்வளவு ஓடுகிறது, அங்கே என்ன உயிர் இருக்கிறது என்று நான்கு வரி. ஒரு பிரதி பாடசாலையில், ஒரு பிரதி லயத்து ஆட்களிடம், அதற்குப் பிறகு ஒரு பிரதி திணைக்களத்துக்கு. இந்த வரிசை முக்கியம். முல்லைத்தீவில் நடந்ததற்கு எதிர்த்திசை அது.

புறப்படுமுன் பீலியடியில் உட்கார்ந்து என் குறிப்பேட்டில் ஒரு சீட்டு எழுதினேன், பழைய சேகரிப்பாளர்கள் ஊசியில் குத்தி வைப்பதைப் போல. கிளீனியஸ், இனம் அறியப்படவில்லை. பெரகல சந்திக்குக் கீழ், தெற்குச் சரிவு, பணிய லயத்துப் பீலி, இடப்பக்கக் கல்லின் அடி. ஜனவரி 2026, காலை. ஆண்டு முழுவதும் ஈரம். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். லயத்தில் அதை மேட்டுப்பீலி என்றுதான் சொல்வோம், அப்படியே எழுது என்றார். திருத்தினேன்.

பிறகு அடுப்படிப் பக்கம் கை காட்டினார். “அதையும் எழுதிக்கோ தங்கச்சி. அது நவம்பர்லதான் வந்துச்சு.”

எழுதினேன்.